சிறிய உழவியந்திரத்துக்கேற்ற துணைக்கருவிகளைத் தெரிதல்

காரைதீவு, கல்முனைப் பகுதி நெற்செய்கையாளருக்கும் தோட்டச் செய்கையாளருக்கும்

புதிய உழவியந்திரம் வாங்க விரும்பும் கமக்காரர் அதன் பரிவலு, விலை, தவணைப்பணம் ஆகியவற்றைப் பலரிடமும் பலமுறை விசாரிப்பர். அதனோடு பூட்டவேண்டிய கருவிகளைப் பற்றிய பேச்சோ பெரும்பாலும் கடைசி நாளிலேயே எழுகின்றது. விற்பனையாளர் தம் முற்றத்தில் நிற்கும் சுழல்கலப்பையைக் காட்டுவர். அதன் விலையும் தவணைக் கணக்கிற் சேர்க்கப்படும். கமக்காரரும் கையொப்பமிடுவர். பெரும்போகத்துக்கு வட்டையில் இறக்கும்போதுதான் அக்கலப்பை இயந்திரத்துக்கு மிஞ்சியது என்பதும், சேற்றுக்கு வேண்டிய சில்லு வாங்கப்படவில்லை என்பதும் தெரியவரும். அப்போது வாய்க்காலில் நீர் வந்துவிடும், தவணையும் தொடங்கிவிடும்.

உழவியந்திரம் இழுக்கும் வலுவைத் தருவது. மண்ணைத் தொடுவது கருவியே. ஆகவே எந்த மண்ணில், எந்த மாதத்தில், எத்தனை ஏக்கரில் வேலை என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற கருவிகளைத் தெரிந்தபின்னரே அக்கருவிகளை இழுக்கவல்ல இயந்திரத்தைத் தெரிதல் வேண்டும். இங்குச் சொல்லப்படுவன 18 முதல் 30 வரை பரிவலுவுள்ள சிறிய நாற்சில்லு இயந்திரங்களுக்குப் பொருந்துவன.

இருவகை மண்

காரைதீவின் கிழக்கே கடல். கடலையடுத்து மணற்றரையும் அதிற் குடியிருப்பும் தோட்டங்களும். மேற்கே, சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குச் செல்லும் வீதியின் இருமருங்கிலும் நெல்வட்டைகள். நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் அமைப்பு இதுவே. ஒரே கமக்காரருக்கு மேற்கே களிகலந்த வயலும் கிழக்கே மணற்றோட்டமும் இருப்பது இங்கு வழக்கம். வயலுக்கு நல்லதான கருவி மணலுக்குக் கேடாவதும் உண்டு.

நெல்வயலின் மேல்மண்ணுக்குக் கீழே, பல ஆண்டு உழவாலும் மிதியாலும் இறுகிய படை ஒன்று உண்டு. நீரைத் தாங்குவது அதுவே. பாரமான இயந்திரம் அப்படையை உடைத்துவிடுமானால் வயல் ஓட்டைச் சட்டியாகிவிடும். எவ்வளவு நீர் பாய்ச்சினும் நில்லாது. 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்களுக்குக் கடைப்பகுதியில் இருப்போருக்கு நீரின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிறிய இயந்திரத்தின் பெருங்குணம் அதன் பாரக்குறைவே. அதிற் பெருங்கருவியைப் பூட்டுவது அக்குணத்தைக் கெடுத்துக்கொள்வதாகும்.

இரும்புச் சில்லு

கூடுபோன்ற அமைப்புள்ள இரும்புச் சில்லைப் பலர் ஒரு கருவியென்றே எண்ணுவதில்லை. நெற்செய்கையாளர் முதலாவதாக வாங்கவேண்டியது இதுவே என்பது எமது கருத்து. றப்பர்ச் சில்லின் பற்களுக்கிடையே களி நிரம்பியதும் சில்லு பிடிப்பின்றிச் சுழலும். நின்ற இடத்திற் சுழலுஞ் சில்லு இறுகிய படையைக் குடைந்து குழியாக்கும். அக்குழியிலேயே அடுத்த போகத்திலும் இயந்திரம் புதையும். இரும்புக் கூடு பாரத்தை அகலமாகப் பரப்புகின்றது. ஓடும்போதே சேற்றையும் குழைத்துவிடுகின்றது.

இதில் இருவகை உண்டு. றப்பர்ச் சில்லைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் பூட்டுவது முழுக்கூடு. றப்பர்ச் சில்லின் வெளிப்புறத்தே சேர்த்துப் பூட்டுவது அரைக்கூடு. எது வேண்டுமென்பதை வயலே சொல்லும். நீர் கட்டி மூன்று நாள் ஊறிய வயலில், பாரமான ஒருவர் ஒற்றைக்காலில் நின்று பார்க்கட்டும். கணுக்காலுக்குச் சற்று மேலே அடிப்படை தட்டுமாயின் அரைக்கூடு போதும். முழங்காலை நெருங்குமாயின் முழுக்கூடு வேண்டும். முழங்காலும் மறையும் இடங்களில் இயந்திரத்தின் அடிப்பாகமே சேற்றில் உராயுமாதலால் நாற்சில்லு இயந்திரத்தை இறக்காதிருப்பதே நன்று. அரைக்கூட்டை அளவுக்கு மீறி அகலமாகச் செய்விப்பது அச்சுத்தண்டுக்குக் கேடு. உற்பத்தியாளர் அனுமதிக்கும் அகலத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்க. நான்கு சில்லுகளும் இழுக்கும் அமைப்பு, சேற்றில் நான்கைந்து பரிவலு கூடுதலாக இருப்பதிலும் பயன் தரும்.

இரும்புச் சில்லோடு தார் வீதியில் ஓட்டலாகாது. வீதியும் கெடும், கூடும் கோணும். வட்டை வாயிலிற் பூட்டிக் கழற்ற இருவர் வேண்டும்; அந்நேரத்தையும் வேலைக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

கொழுக்கலப்பையும் சுழல்கலப்பையும்

இன்று ‘றொட்டவேற்றர்’ என வழங்குஞ் சுழல்கலப்பை ஒன்றையே வாங்கி, முதலுழவு, மறுஉழவு, சேறாக்கல் யாவற்றையும் அதனாற் செய்யும் வழக்கம் பரவியுள்ளது. அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. அதன் கத்திகள் சுழலும்போது இயந்திரத்தை முன்னோக்கித் தள்ளுவதால் ஈரநிலத்தில் இழுவைக்கு உதவியாகின்றது. இரண்டு ஓட்டத்திற் சேறு குழைந்துவிடுகின்றது.

ஆயினும் முதலுழவுக்கு அது ஏற்றதன்று. முதலுழவு 15 முதல் 20 சதமமீற்றர் ஆழம் செல்லுதல் வேண்டும். சிறிய இயந்திரத்தின் சுழல்கலப்பை நான்கைந்து அங்குலத்தோடு நின்றுவிடும். அன்றியும், கோரைக்கிழங்கும் அறுகம்வேரும் உள்ள நிலத்தில் அது களையை வெட்டி விதைப்பதற்கு ஒப்பாகும். வெட்டுண்ட துண்டுகள் வெவ்வேறாக முளைக்கும். முதலுழவுக்கு ஐந்து கொழுக்களையுடைய கலப்பையே தகுந்தது. அதில் சுழலும் உறுப்பு ஒன்றுமில்லை. கொழு தேய்ந்தால் மாற்றலாம். தண்டு வளைந்தால் ஊர்ப் பட்டறையில் நிமிர்த்தலாம். விலையோ சுழல்கலப்பையினும் மிகக் குறைவு. மழையை நம்பிப் புழுதியில் விதைப்போருக்கு இக்கலப்பை இன்றியமையாதது. முதலுழவுக்குப்பின் ஏறத்தாழ இரண்டு கிழமை விட்டு, வைக்கோலும் களையும் மக்கியபின் சுழல்கலப்பையை இறக்குக. 2021ஆம் ஆண்டில் உரமின்றித் தவித்தவர்கள், வைக்கோலை எரியாது மண்ணுக்கே கொடுப்பதன் பயனை இப்போது நன்கறிவர்.

சுழல்கலப்பை வாங்குவதாயின் அகலத்திற் பேராசை வேண்டாம். 24 பரிவலுவுள்ள இயந்திரம் கருவிக்குக் கொடுப்பது ஏறக்குறைய 20 பரிவலுவே. இதற்கு 1.2 மீற்றர் அகலம், அஃதாவது நாலடி, போதியது. மணிக்கு இரண்டரைக் கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினால், திரும்பும் நேரமும் உட்பட ஓர் ஏக்கரை ஒரு முறை உழ ஏறக்குறைய ஒரு மணி நாற்பது நிமிடம் செல்லும். ஐந்தடிக் கருவியில் இருபது நிமிடம் மிச்சப்படும் என்று கணக்குச் சொல்லும். வலு போதாமையால் வேகத்தைக் குறைத்தோட்ட நேருமானால் அம்மிச்சம் கிடையாது. டீசலும் கூடுதலாகச் செல்லும். 2022இல் எரிபொருள் நிலையங்களில் இரவு பகலாகக் காத்துநின்றவர்களுக்கு இது சிறு விடயமன்று. அகலத்தில் இன்னொரு கவனமும் வேண்டும்: கருவி பின்சில்லுகளின் வெளியோரம் வரை எட்டாவிடில் சில்லுத்தடம் உழப்படாமற் கிடக்கும். நாலடிக் கருவி எட்டாத அளவுக்குச் சில்லுகள் அகன்றிருந்தால், கருவியை ஒருபுறம் தள்ளிப் பூட்டும் வசதி உண்டா எனக் கேட்க.

இவ்விடத்தில் ஒன்று சொல்லல் தகும். இன்றும் நம்மவர் எந்த இருசில்லு இயந்திரத்தையும் ‘லான்ட்மாஸ்டர்’ என்றே அழைக்கின்றனர். அப்பெயருடைய இயந்திரத்தை 1950களில் உருவாக்கியவர் இலங்கைப் பொறியியலாளரான றே விஜேவர்தன (1924–2010). எருமையின் இடத்தில் இயந்திரத்தை வைத்ததற்கு அப்பால் தாம் கமத்தொழிலுக்கு என்ன செய்தோம் என்று பின்னாளில் அவரே தம்மைக் கேட்டுக்கொண்டார். உழவின் முதல் நோக்கம் களையை அடக்குவதே என்பதும், அதற்கு வேண்டிய அளவுக்குமேல் மண்ணைக் கிளறுவது வீண் என்பதும் அவர் கண்ட முடிபுகள். சுழல்கலப்பையை நான்கு முறை ஓட்டிவிட்டு ‘மண் மாவாகிவிட்டது’ என்று மகிழ்வோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

மட்டப்பலகை

ஓர் ஏக்கரில் ஓரங்குல ஆழத்துக்கு நிற்கும் நீர் ஏறக்குறைய ஓரிலட்சம் லீற்றராகும். வயலின் ஒரு மூலை மூன்றங்குலம் மேடாயிருந்தால், அம்மூலையை நனைப்பதற்காக மற்றெல்லா இடத்திலும் மூன்றங்குலம் கூடுதலாக நீர் கட்டுகிறோம். கட்டாவிடில் மேட்டிற் புல் முளைக்கும். கட்டினால் பள்ளத்தில் விதை அழுகும். களைநாசினிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி மேடுபள்ளத்துக்கு இறுக்கும் வரி எனலாம்.

இக்குறையைத் தீர்ப்பது ஒரு பலகை. இயந்திரத்தின் பின்னே முப்புள்ளி இணைப்பிற் பூட்டி உயர்த்தவும் தாழ்த்தவும் கூடியதாக, ஏழெட்டடி நீளத்தில், அடியில் இரும்புத்தகடு பொருத்தி ஊர்ப் பட்டறையிலேயே இதனைச் செய்விக்கலாம். சேறு குழைந்தபின் வயலில் ஓரங்குல நீர் விட்டு ஓட்டினால், நீருக்கு மேலே தெரியும் மேடுகள் தாமே தம்மைக் காட்டிக்கொடுக்கும். நீர் அதிகம் நின்றால் மேடு தெரியாது. நீர் இல்லையேல் சேறு பலகையோடு நகராது. லேசர்க் கதிரால் மட்டம் பார்க்கும் கருவி மிகச் சிறந்ததே. ஆயினும் அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும். பலர் சேர்ந்து, வயல் காய்ந்திருக்கும்போது, சில ஆண்டுகளுக்கொருமுறை கூலிக்குப் பிடிப்பது போதும்.

மணற்றோட்டத்துக்கு வேண்டியவை

மணலிற் சுழல்கலப்பையை ஓட்டாதிருத்தலே பொது விதி. மணலைத் தூளாக்க வேண்டிய தேவை இல்லை. அடிக்கடி கிளறுவதால் நாம் இட்ட எருவும் குப்பையும் விரைவில் எரிந்துபோகும், ஈரமும் பறந்துவிடும். எருவைக் கலப்பதற்குப் போகத்தில் ஒருமுறை, ஆழமின்றி ஓட்டலாம். மற்றை வேலைகளுக்குக் கொழுக்கலப்பையே போதும்.

தோட்டத்துக்கு மேலதிகமாக வேண்டியது சால்பிரிக்கும் கருவி ஒன்று. மாரிமழையில் மிளகாயும் கத்தரியும் நீர் தேங்கி வாடுவதைத் தடுக்க மேட்டுப்பாத்தி வேண்டும்; இதனை இக்கருவி ஓட்டத்திலேயே அமைத்துவிடும். சில்லுகளின் இடைவெளியை 120 சதமமீற்றருக்கு அமைக்கக்கூடிய இயந்திரமாயின், 60 சதமமீற்றர் இடைவெளியுள்ள இரண்டு மிளகாய் வரிசைகள் அதன் வயிற்றின் கீழ் அடங்கும். செடி சிறிதாயிருக்கும்வரை இடையுழவும் செய்யலாம். இவ்விடைவெளியை மாற்ற முடியுமா என்பதை வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும்.

பழைய இருசில்லு இயந்திரத்தை விற்றுப் புதியதற்கு முற்பணம் கட்டலாமா என்று பலர் கேட்கின்றனர். கூடியவரை விற்காதிருத்தல் நன்று. வயலின் சிறு துண்டுகளிலும் வரம்பு மூலைகளிலும் வேலிக்கருகான தோட்டத்திலும் அதன் வேலையைப் பெரிய இயந்திரம் செய்யாது.

கணக்குப் பார்த்தல்

ஒரு கருவி நான்கு இலட்சம் ரூபா எனக் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொள்வோம். பத்தாண்டு உழைக்குமாயின் ஆண்டுத் தேய்மானம் 40,000. கடன் படிப்படியாகக் குறைவதால், சராசரி இரண்டு இலட்சத்துக்கு நூற்றுக்குப் 15 வீதம் வட்டி 30,000. பழுது பார்க்க 10,000. ஆண்டுக்கு 80,000 ரூபா, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். நான்கேக்கர் வயலை இரு போகமும் செய்பவருக்கு ஆண்டில் எட்டேக்கர். ஆகவே டீசலும் ஓட்டுநர் கூலியும் நீங்கலாக ஏக்கருக்கு 10,000. அயலார் வயலிலும் கூலிக்கு உழுது 40 ஏக்கர் சேர்ப்பவருக்கு, தேய்மானம் சற்றுக் கூடினும், 2,000 அல்லது சிறிது மேல். இந்த எண்களுக்குப் பதில் தம்முடைய எண்களை இட்டுப் பார்த்து, ஊரிலுள்ள கூலியோடு ஒப்பிடுக.

கூலிக்குப் பிடிப்பதில் உள்ள இடர் காலமே. ஆரம்பக் கூட்டத்தில் நீர் விடும் திகதி தீர்மானிக்கப்பட்டதும் எல்லோருக்கும் ஒரே கிழமையில் இயந்திரம் வேண்டும். ஆகவே நாள் தவறினால் பயிர் தவறும் வேலைகளுக்கான கருவிகளைச் சொந்தமாக வைத்திருத்தலும், நாள் தள்ளினும் கேடில்லாதவற்றைக் கூலிக்குப் பெறுதலும் தகும். முதல் வகையிற் சேர்வன இரும்புச் சில்லு, கொழுக்கலப்பை, மட்டப்பலகை ஆகிய மூன்றுமே. சுழல்கலப்பையை அண்ணன் தம்பியர் அல்லது மச்சான்மார் இருவர் சேர்ந்து வாங்குவதும் உண்டு. அவ்வாறாயின் முதல் நாள் யாருக்கு என்பதை வாங்கும்போதே எழுதிக்கொள்க. வைக்கோல் கட்டும் கருவி, குழி தோண்டும் கருவி, மண் அள்ளும் முன்வாளி ஆகியவை சிறு கமக்காரர் வாங்கத் தக்கன அல்ல. நெல்லை வரிசையாக விதைக்க விரும்புவோருக்குக் கையால் இழுக்கும் உருளை விதைகருவி போதும். அதற்கு உழவியந்திரமே வேண்டியதில்லை.

இணைப்பும் தூக்கும் வலுவும்

இயந்திரத்தின் பின்னேயுள்ள முப்புள்ளி இணைப்பு, ஹரி பெர்குசன் (1884–1960) வகுத்த முறையின் வழிவந்தது. இவ்வளவு இயந்திரங்களிற் பெரும்பாலானவற்றுக்கு முதலாம் வகை இணைப்பு உண்டு: கீழ் ஆணி 22 மில்லிமீற்றர், மேல் ஆணி 19 மில்லிமீற்றர். மிகச் சிறிய இயந்திரங்களில் ஆணி இதனினும் மெலிது. பழைய கருவிகளைக் குறைந்த விலைக்கு வாங்குவோர் அளவுகோலைக் கையிற் கொண்டுசெல்க. துளை பெரிதாயிருக்க மெல்லிய ஆணியைப் போட்டு ஓட்டுவது ஆணியையும் கெடுக்கும், ஆளையும் கெடுக்கும்.

விளம்பரத்தாளில் உள்ள தூக்கும் வலுவை இணைப்புமுனையில் அளந்தார்களா, முனைக்குப் பின்னே 61 சதமமீற்றரில் அளந்தார்களா எனக் கேட்க. கருவியின் பாரம் முனைக்குப் பின்னேதான் தொங்குகின்றது. ஆதலின் இரண்டாவது எண்ணே நமக்கு வேண்டியது. கருவியைத் தூக்கியபின் முன்சில்லுகளின்மேல், இயந்திரத்தின் பாரத்தில் ஐந்திலொரு பங்காவது இருத்தல் வேண்டும். இல்லையேல் திருப்புசக்கரம் கீழ்ப்படியாது.

இழுபெட்டி

நெல்லை வீட்டுக்கும் ஆலைக்கும் கொண்டுசெல்லப் பெட்டி வேண்டும். ஆண்டு முழுவதும் உழைத்துக் கொடுப்பதும் அதுவே. சிறிய இயந்திரத்துக்குப் பெரிய பெட்டி பூட்டுவோர், இழுப்பது எளிது, நிறுத்துவதே அரிது என்பதை மறந்துவிடுகின்றனர். பெட்டிக்குத் தனித் தடுப்பும், பின்னே விளக்கும், ஒளிதெறிக்கும் தகடும் இருத்தல் வேண்டும். கல்முனை நெடுஞ்சாலையில் இருட்டில் விளக்கின்றி நிற்கும் பெட்டி வேகமாக வருபவர் கண்ணுக்குத் தெரியாது.

2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் வெள்ளம் மேவிப் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவியந்திரப் பெட்டி கவிழ்ந்து, வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர் பலர் உயிரிழந்ததை இப்பகுதி மறக்காது. உழவியந்திரம் உயரமானது, வெள்ளத்திற் போகும் என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. ஐந்தடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட, நீர் எளிதிற் புகாத பெட்டியின் தளத்தை நீர் தொட்டபின், மேலும் உயரும் ஒவ்வோர் அங்குலமும் ஏறக்குறைய 94 கிலோகிராம் பாரத்தைத் தூக்குகின்றது. அரையடியில் அது 560 கிலோகிராமுக்கு மேலாகும். இவ்வாறு பாரமிழந்த பெட்டியைப் பக்கவாட்டில் வரும் நீரோட்டம் தள்ளிச்செல்லும். பெட்டி இயந்திரத்தையும் இழுக்கும். வீதியின்மேல் நீர் ஓடும்போது பெட்டியோடு இறங்கலாகாது. எக்காலத்திலும் பெட்டியில் ஆட்களை ஏற்றலாகாது.

ஓட்டுபவர் உயிர்

சேற்றிற் புதைந்த பின்சில்லு சுழல முடியாது நிற்கும்போது முன்னோக்கி விசை கொடுத்தால், சில்லுக்குப் பதிலாக இயந்திரத்தின் உடல் அச்சைச் சுற்றி எழும். ஒன்றரை நொடிக்குள் அது ஓட்டுபவர்மேற் கவிழ்ந்துவிடும்; குதிக்க நேரமிராது. புதைந்த சில்லோடு மரக்கட்டையைக் கட்டி முன்னே ஏற முயல்வது இதற்கு நேர்வழி. பின்னோக்கியே வெளியேறுக; இயலாவிடில் இன்னோர் இயந்திரத்தால் இழுப்பிக்க. இருக்கையின் பின்னே வளைந்து நிற்கும் பாதுகாப்புச் சட்டமும் இருக்கைப் பட்டியும் உள்ள இயந்திரத்தையே வாங்குக. தென்னங்கிளை தட்டுகிறதென்று சட்டத்தைக் கழற்றிவைப்போர் உளர். மடிக்கக்கூடிய சட்டம் உண்டு. அதனைக் கேட்டு வாங்கலாம்.

சுழல்கலப்பைக்கு வலுக்கொடுக்கும் தண்டு நிமிடத்துக்கு 540 முறை, அஃதாவது நொடிக்கு ஒன்பது முறை சுழல்வது. சாரனின் ஓரம் அதிற் பட்டால் ஒரு நொடியில் ஒரு மீற்றருக்கு மேற்பட்ட துணியைச் சுற்றி இழுத்துவிடும். தண்டைச் சுற்றியுள்ள பிளாத்திக்கு உறை முழுமையாக இல்லாத கருவியை, எவ்வளவு மலிவாயினும், வாங்கலாகாது. கத்தியிற் சுற்றிய வைக்கோலை எடுக்குமுன் இயந்திரத்தை நிறுத்திச் சாவியை மடியில் வைத்துக்கொள்க.

கழுவுதல்

கடற்காற்றில் உள்ள உப்பு, மண் படிந்த இரும்பை விரைவில் அரிக்கும். வேலை முடிந்த அன்றே நன்னீரால் கழுவி, காயவிட்டு, கொழுவிலும் கத்தியிலும் பழைய எண்ணெய் பூசி, கூரையின் கீழ்ப் பலகைமேல் வைத்தல் வேண்டும். கழுவுதலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இம்மாவட்டத்தைப் பல்லாண்டாக வருத்தும் களைநெல், சேற்றோடு கருவியில் ஒட்டி வயலுக்கு வயல் செல்கின்றது. கூலிக்கு வரும் கருவியையும் வரம்புக்கு வெளியே கழுவிய பின்னரே உள்ளே விடுக.

வாங்க எண்ணிய இயந்திரமும் கருவியும் சோதிக்கப்பட்டனவா என்பதை மகா இலுப்பள்ளமவிலுள்ள பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையத்தில், அப்பகுதி விவசாயப் போதனாசிரியர் வாயிலாக விசாரித்தறியலாம். கையொப்பமிடுமுன், கருவியைப் பூட்டிய நிலையில் இயந்திரத்தைத் தமது வயலிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டும்படி விற்பனையாளரைக் கேட்டுக்கொள்க. காய்ந்த முற்றத்தில் காட்டும் ஓட்டம் போதாது; நீர் கட்டிய வட்டையில் இறக்கிப் பார்த்தல் வேண்டும்.